பதினேழு ஆங்ஸ்ட்ராம்

ராச்சா மலையிலிருந்து இருபத்தாறு பைகள் வந்தன.
எல்லாவற்றிலும் நுக்ஸாரின் கோணல் கையெழுத்து:
சாலை வெட்டு, மேல்புறம்.
ஓடைக்கரை.
கல்லறைத் தோட்டத்துக்கு எட்டு மீட்டர் கீழே.

இருபத்தேழாவதில் எண் இல்லை.
கைக்குட்டையில் முடிந்த சாம்பல்பச்சைக் கட்டி,
பள்ளி நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள்.
"இதைத் தேய்த்துத்தான் நாங்கள் தலை அலசுகிறோம்.
நல்ல மண்.
வீட்டுத் தரை ஏன் வெடிக்கிறதென்று
இதையே கேட்டுச் சொல்லுங்கள். லம்ஸிரா."

திபிலிசியில், நிலவறை ஆய்வுக்கூடத்தில்
சியாலா கல்லை மெதுவாக இடிக்கிறாள்.
ரொம்ப இடித்தால்
உள்ளிருக்கும் ஏடுகள் செத்துவிடும்.
தண்ணீரில் கரைத்து, உயரக் குப்பியில் நிறுத்துகிறாள்.
மணல் விழுகிறது, கை எடுப்பதற்குள்.
வண்டல் விழுகிறது, தேநீர் ஆறுவதற்குள்.
நாலு மணி நேரம் கழித்தும்
மேலே ஐந்து சென்டிமீட்டரில்
விழ மனமில்லாமல் நிற்கிறதே,
அது களி.

கண்ணாடித் தகட்டில் ஊற்றி உலர விட்டால்
ஏடுகள் தாமாகவே படுத்துக்கொள்கின்றன,
ஒரு காலத்தில் கடலடியில் படுத்த மாதிரி.

எக்ஸ்ரே போய்த் திரும்புகிறது.
இருபத்தாறும் பத்து ஆங்ஸ்ட்ராம்.
கிளைகால் ஆவியில், அறுபது டிகிரி அடுப்பில்
ஓர் இரவு வைத்துப் பார்த்தாள்.
குடிக்கிறாயா?
இல்லை என்கிறது இல்லைட்.
காலையிலும் அதே பத்து.

அதுவும் முன்பு குடித்ததுதான்.
கடல் தூர்ந்து, மேலே சேறு ஏறி,
நாலு கிலோமீட்டர் இருட்டில் வெந்து கிடந்தபோது
பொட்டாசியம் வந்து இடுக்குகளில் உட்கார்ந்தது,
தாழ்ப்பாள் மாதிரி.
பிறகு மலையாக எழுந்து, வெயில் பார்த்து,
எத்தனையோ பனியில் நனைந்தும்
தாழ் திறக்கவில்லை.
சியாலாவுக்கு அப்படி ஒருவரைத் தெரியும்.
அவனைப் பற்றி இங்கே வேண்டாம்.

எண்ணில்லாத பையின் தகட்டை
கடைசியாக வைத்தாள்.
கிளைகாலுக்கு முன் பதினான்கு.
பின் பதினேழு.
ஒரே சிகரம், சுத்தமாக, கிறுக்கலே இல்லாமல்.
இருபது வருட வேலையில்
இவ்வளவு அழகான ஸ்மெக்டைட்டை
அவள் பார்த்ததில்லை.
ஏதோ ஓர் எரிமலை என்றோ துப்பிய சாம்பல்,
ஆழம் போகாத இளைய அடுக்கு,
இன்னும் தாகத்தோடு.

நுக்ஸாரைக் கூப்பிட்டாள்.
"அந்தப் பெண் இதை எங்கே தோண்டினாள்?"
"தோண்டவா? சமையலறைப் பின்சுவர்.
கரண்டியால் வழிக்கலாம்.
இந்த மண்ணுக்காகத்தானே அங்கே வீடே கட்டினார்கள்."
"அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது?"
ஆட்டு மணி கேட்டது. ஒரு லாரி கேட்டது.
"ஆற்றுப் பக்கம்."

அறிக்கைப் படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள்.
கனிமம், விழுக்காடு, படிக ஒழுங்கு.
ஆள் வசிக்கும் இடமா என்ற கட்டம் கிடையாது.
எல்லாவற்றையும் நிரப்பினாள்.
பிறகு அந்தப் பள்ளித் தாளைத் திருப்பி,
பின்பக்கத்தில் எழுதினாள்:

"லம்ஸிரா, உங்கள் மண் நல்ல மண்."

அது பொய்யில்லை.
அடுத்த வரி வரவில்லை.
மீதிக் கட்டியோடு வீட்டுக்குப் போனாள்.
குளியலறையில் நனைத்துவிட்டுக் காத்திருந்தாள்.
கட்டி ஊதியது, இளகியது,
கூந்தலின் எண்ணெயெல்லாம் வாங்கிக்கொண்டது.
கண்ணை மூடிக்கொண்டு குழாயைத் தேடினாள்.
பிடி கிடைத்தது.
கைதான் நிற்கவில்லை,
வழுக்கி வழுக்கிப் போயிற்று.

ஈரத் தலையோடு உட்கார்ந்து முடித்தாள்:

"முடியில் எண்ணெய் வாங்குவது எதுவோ
அதுவேதான் உங்கள் தரையடியில்
பனித் தண்ணீரை வாங்குகிறது.
மார்ச்சுக்கு முன் வெளியேறுங்கள்.
உங்கள் ஊரில் அசையாத இடம் ஒன்றுதான்,
கல்லறைத் தோட்டம்.
அதற்குக் கீழிருக்கும் கல்லைச் சோதித்துவிட்டேன்.
கூச்சப்படாமல் அங்கே கூடாரம் போடுங்கள்,
அவர்கள் நகர்ந்து இடம் தரத் தேவையில்லை.
போகும்போது சுவரிலிருந்து
ஒரு வாளி மண் எடுத்துக்கொள்ளுங்கள்.
எனக்கும் கொஞ்சம்."